ஜோ கூலேயின் துருத்தி

அன்பு மகளுக்கு,

அயர்லாந்தின் அக்கார்டியன் கலைஞர் ஜோ கூலே வாசிப்பது போல உனக்கு ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தாய். உன் விரல்களில் குறையில்லை, பெட்டிதான் வேறு. உன்னிடம் இருப்பது பி/சி அக்கார்டியன்: இரண்டு வரிசைப் பட்டன்கள், ஒன்று பி சுருதியில், மற்றது சி-யில். ஒவ்வொரு பட்டனும் துருத்தியைத் தள்ளும்போது ஒரு ஸ்வரமும் இழுக்கும்போது ஒரு ஸ்வரமும் தரும். கூலே வாசித்தது டி/டி ஷார்ப். ஒரே ரீலை (ஐரிஷ் நடன மெட்டை) இரண்டிலும் வாசித்தால் துருத்தி வேறு வேறு விதமாக ஓடும், கூலேயின் பாணி முழுக்க அந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது. அதனால் அவருடைய அலங்காரங்களை நகலெடுப்பதை இப்போதைக்கு நிறுத்திவிடு. முதலில் துருத்தி எந்தப் பக்கம் போகிறது என்று பார்.

டி-யை ‘ச’ என்று வைத்துக்கொள். உனக்குப் பழகிய சங்கராபரண ஸ்வரங்களே போதும். டி வரிசையில் தள்ளினால் ச, க, ப. இழுத்தால் ரி, ம, த, நி. அதாவது ஏறுவரிசையில் போகும்போதே தள்ளு, இழு, தள்ளு, இழு என்று மாறிக்கொண்டே இருக்க வேண்டும். த-வுக்கும் நி-க்கும் நடுவில் மட்டும் மாற்றம் இல்லை. பி/சி-யில் அப்படியில்லை: ரி, க, ம மூன்றும் தள்ளும்போது வரும், ப, த, நி, ச நான்கும் இழுக்கும்போது. க-வும் நி-யும் வெளி வரிசையிலிருந்தும் மற்றவை உள் வரிசையிலிருந்தும் வருகின்றன. ஸ்வரங்கள் வழுக்கிக்கொண்டு போவது இதனால்தான்.

கூலேயின் பெயரிலேயே வழங்கும் ரீலை எடுத்துக்கொள். செஷன்களில் (கலைஞர்கள் கூடி வாசிக்கும் இடங்களில்) இன்று வாசிக்கும் வடிவத்தில், எட்டு அட்சரத்துக்கு ஓர் ஆவர்த்தம் என்று எழுதினால் முதல் நான்கு இப்படி வரும் (மேல் ஸ்தாயி ச-வை ‘சா’ என்றும் நீட்டலைக் கோடாகவும் எழுதுகிறேன்):

ரி த த ப த – ரி த
த – ப த சா த ப ம
க ச ப ச த ச ப ச
க ச ப ச சா ப க ச

டி வரிசையில் இரண்டாம் ஆவர்த்தத்தைப் பார். த இழுப்பு, ப தள்ளு, த இழுப்பு, சா தள்ளு, த இழுப்பு, ப தள்ளு, ம இழுப்பு. ஒரே ஆவர்த்தத்தில் துருத்தி ஆறு முறை திரும்புகிறது. இதில் த-வும் ப-வும் ஒரே பட்டன். ‘த ப த’ என்ற இடத்தில் விரல் நகரவே வேண்டாம், துருத்தியே ஸ்வரத்தை மாற்றிவிடும். ஒவ்வொரு திருப்பத்திலும் காற்று ஒரு கணம் நின்று மறுபடி பாய்கிறது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு தொடக்க அடி கிடைக்கிறது. ஆட்டக்காரர்களின் கால்களைத் தூக்கிவிடுவது அந்த அடிதான். உன் பி/சி-யில் அதே ஆவர்த்தத்தில் கடைசி ம வரை எல்லாம் இழுப்பு, ஒரே ஒரு திருப்பம்.

மூன்றும் நான்கும் இன்னும் சுவாரசியம். டி வரிசையில் பதினாறு அட்சரத்தில் மூன்றாம் ஆவர்த்தத்து த ஒன்றைத் தவிர எல்லாம் தள்ளு. முதல் இரண்டு ஆவர்த்தத்தில் பெரும்பாலும் இழுத்துத் திறந்த துருத்தி அடுத்த இரண்டில் மூடிக்கொள்கிறது. இந்தப் பாட்டு அந்த வரிசைக்கு அவ்வளவு இயல்பாக உட்காருகிறது. பி/சி-யிலோ அதே இடத்தில் க மட்டும்தான் தள்ளு, மற்றதெல்லாம் இழுப்பு. முதல் இரண்டு ஆவர்த்தத்திலும் பெரும்பாலும் இழுத்தே வந்திருப்பாய், நான்காவதில் துருத்தி முழுக்க விரிந்து கை திணறும். அதற்கு மருந்து இரண்டு உண்டு. முதல் ஆவர்த்தத்து ரி-யைத் தள்ளியே எடு, நீண்ட த-வை வெளி வரிசையில் தள்ளி எடு. மூன்றாம், நான்காம் ஆவர்த்தங்களில் க வரும்போதெல்லாம் இடது கட்டைவிரலால் காற்றுப் பட்டனை லேசாகத் தொட்டுத் தள்ளு, காற்று வெளியேறித் துருத்தி மூடும். அழுத்தமாகத் தொட்டால் க மங்கிப்போகும், அதனால் பாதி அழுத்தம் போதும்.

சுழல்வு, அதாவது ஒரு ஸ்வரத்தை அதன் மேல், கீழ் ஸ்வரங்களோடு சுற்றி வாசிக்கும் அலங்காரம், உன் பெட்டியில் எளிது. க ம க ரி க என்ற ஐந்தும் ஒரே தள்ளலில் வந்துவிடும். டிப்பரேரியின் நீனாவுக்கு அருகில் 1922-ல் பிறந்த பேடி ஓ’பிரையன் வளர்த்தெடுத்த பாணி அது. கால்வேயின் ஜோ பர்க் (1939–2021) அதை அழகின் உச்சிக்கே கொண்டுபோனார். டி வரிசையில் மட்டும் நின்றால் க தள்ளு, ம-வும் ரி-யும் இழுப்பு, ஒரே மூச்சில் சுழல்வு வராது. அங்கே க பிடித்தபடி அதே திசையில் வரும் ப-வை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வருவார்கள். காதுக்கு ஒரு சின்ன வெட்டு போலக் கேட்கும். கூலேயிடம் நீ கேட்கும் எளிமைக்கு இது பெரிய காரணம். அதை எளிமை என்று சொல்வதுகூட எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் ரீலின் எலும்பை மட்டும் வாசித்தார், அதை உயிரோடு வாசித்தார்.

அவர் 1924-ல் கால்வே மாவட்டத்தின் பீட்டர்ஸ்வெல்லில் பிறந்தவர். கட்டட வேலை செய்தபடியே வாசித்தார். டல்லா கேய்லி பேண்ட் என்ற நடன இசைக்குழுவில் இருந்தார். 1954-ல் அமெரிக்கா போய் நியூயார்க், பாஸ்டன், சிகாகோ, சான் பிரான்சிஸ்கோ என்று ஊர் ஊராக வாழ்ந்தார், பலருக்குச் சொல்லிக்கொடுத்தார். 1972-ல் ஊர் திரும்பினார். 1973 நவம்பர் இறுதியில், கோர்ட் என்ற சிற்றூர்ப் பக்கம் லாஹிஃப் மதுக்கடையில், சகோதரர் ஜாக் போதுரான் என்ற தோல் மேளம் வாசிக்க, டெஸ் முல்கியர் பான்ஜோ வாசிக்க, ஒரு பதிவு நடந்தது. சில வாரங்களில், டிசம்பரில், அவர் காலமானார். கேல் லின் நிறுவனம் அதை 1975-ல் இசைத்தட்டாக வெளியிட்டது. நோய் முற்றியிருந்தும் துருத்தி தளரவேயில்லை, நீயே கேட்டுப் பார். கால்வேயிலிருந்து என்னிஸ் போகும் ரயில் கோர்ட்டில் நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அந்த ஊரைப் பார்த்துவிட்டு வா.

பயிற்சி: நிமிடத்துக்கு 60 தட்டு, தட்டுக்கு நான்கு அட்சரம். துருத்தி திரும்பும் கணத்தில் விரல் பட்டனிலிருந்து மயிரிழை எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் அதே பட்டனின் இன்னொரு ஸ்வரம் முணுமுணுப்பாகக் கசியும். திருப்பம் இடது முழங்கையிலிருந்து வரட்டும். தோளிலிருந்து இழுத்தால் பெட்டியே ஆடும், அரை மணியில் கழுத்து வலிக்கும். இடது கைப் பாஸ் பட்டன்கள் எட்டையும் இப்போது மறந்துவிடு.

கூலேயின் பாணிதான் வேண்டும் என்று உறுதியாக இருந்தால், டி/டி ஷார்ப் தேடி அலையாதே. சி ஷார்ப்/டி பெட்டி எளிதாகக் கிடைக்கும். அதன் உள் வரிசை டி-தான், தள்ளு-இழு அப்படியே பொருந்தும். குறுக்கு வரிசை மட்டும் அரை ஸ்வரம் கீழே இருக்கும், கைசிகி நிஷாதத்தை (தாழ்ந்த நி-யை) அங்கே இழுத்து எடுக்க வேண்டும். ஐரிஷ் கலைஞர் ஜாக்கி டேலி போல்கா, ஸ்லைடு என்ற நடன மெட்டுகளை வாசிப்பது இந்த அமைப்பில்தான்.

பழைய பெட்டி வாங்கும்போது துருத்தியின் வார்களைக் கழற்றி, பட்டன் எதையும் தொடாமல், வலப்பக்கத்தைப் பிடித்துத் தொங்கவிடு. மெதுவாக இறங்க வேண்டும். சட்டென்று விரிந்தால் காற்று எங்கோ ஒழுகுகிறது. பிறகு ஒவ்வொரு பட்டனையும் மிக மெல்லிய அழுத்தத்தில் இரு திசையிலும் வாசித்துப் பார். ஏதாவது ஸ்வரம் தாமதமாகப் பேசினால் ரீட்டின் (ஒலி எழுப்பும் உலோக நாக்கின்) மேல் உள்ள தோல் வால்வு சுருண்டிருக்கலாம். அதை மாற்றிவிடலாம், பயப்படாதே. ரீட்களைப் பிடித்திருக்கும் மெழுகு காய்ந்து வெடித்திருந்தால் எல்லாவற்றையும் பெயர்த்து மறுபடி மெழுகிட வேண்டும். அந்தச் செலவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு விலை பேசு.

அன்புடன்,
அப்பா