செருப்பைக் கழுவித் தந்த அம்மாவுக்கு

அப்பா வீடு திரும்பிவிட்டார். இன்று காலை தானே எழுந்து காப்பி கலக்கிக் குடித்தார். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அவர் மயங்கி விழுந்த கதையை மறுபடி எழுதத் தெம்பில்லை. உங்களில் பலர் அன்றிரவு முழுக்கத் தொலைபேசியில் என்னோடு விழித்திருந்தவர்கள்தாம். வேன் ஓட்டுநர், தாதியர், எங்களுக்காகத் தாய்லாந்து மொழியில் பேசிய தமிழ்க் குடும்பம், கேட்காமலே பணம் அனுப்பிய தோட்டத்து உறவுகள், அனைவருக்கும் கைகூப்பி நன்றி.

ஒருவரைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த ஒரு தாய்லாந்து அம்மா. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதையில் மாண்ட கைதிகள், ஏறக்குறைய 7,000 பேர் அங்கே உறங்குகிறார்கள். 1943 மே, ஜூன் மாதங்களில் அந்தப் பாதையோர நீக்கே முகாமில் காலராவுக்குப் பலியாகி எரியூட்டப்பட்ட 300 கைதிகளின் சாம்பல் இரண்டே கல்லறைகளில் இருக்கிறது. தாத்தாவும் மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து அந்தப் பாதை வேலைக்குச் சயாமுக்குப் போய் வாந்திபேதியில் இறந்தவர். எரித்த இடம்கூடத் தெரியாது. கைதிகளாக இருந்த மருத்துவர்கள் சிலர் கூலி முகாம்களுக்கு அனுப்பப்பட்டு நம் தோட்டத் தமிழர்களுக்கும் வைத்தியம் பார்த்தார்கள். அதனால்தான் அங்கே ஒரு முழம் மல்லிகையாவது வைக்க வேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். வழி கேட்டது அந்த அம்மாவிடம்தான்.

நான்கு கல்லறை வரிசை தாண்டுவதற்குள் அப்பா சாய்ந்துவிட்டார். அந்த அம்மா ஓடிவந்து, தன் அகன்ற தொப்பியைக் கழற்றி அப்பாவின் முகத்துக்கு நிழல் பிடித்தபடி, ஆம்புலன்ஸ் வரும்வரை வெயிலில் முழங்காலிட்டிருந்தார்.

மாலையில் மருத்துவமனைக்கே வந்து நின்றார். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். உள்ளே அப்பாவின் வலது கால் செருப்பு. மண் போகக் கழுவி, பிய்ந்திருந்த வாரை நீலநூலால் தைத்திருந்தார். பிறகு தன் கைப்பேசியை நீட்டினார். அந்தச் சாம்பல் கல்லறையின் வெண்கலப் பலகைமேல் எங்கள் மல்லிகைச் சரம். அப்பா கையிலிருந்து நழுவி விழுந்ததை எடுத்து, போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்த்திருக்கிறார். பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை; அழுதுகொண்டிருந்தேன்.

அந்தப் படத்தை அப்பா திரும்பத் திரும்பப் பார்க்கிறார். கைதிகளுக்காவது வெண்கலத்தில் பெயர் இருக்கிறது. அவர்களைப் போலவே அந்தப் பாதையில் மாண்ட நம் பால்மரத் தொழிலாளர்களில் எத்தனை பேருக்கு எங்கே பெயர் இருக்கிறது? எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்களின் பெயர்களையாவது நான் சேர்த்தே தீருவேன். நேற்றிரவு அப்பா படுத்தபடியே பதினொரு பெயர்கள் சொன்னார். நோட்டில் எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டிலிருந்தும் யாராவது சயாமுக்குப் போயிருந்தால் பெயரைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.