கீஃபர் வீதியில் மாலையிலும் நடமாட வழி செய்யக் கோரும் மனு

பெறுநர்
மாண்புமிகு மாநகர முதல்வர் அவர்கள்,
வன்கூவர் மாநகர மண்டபம்,
வன்கூவர், பிரிட்டிஷ் கொலம்பியா.

அனுப்புநர்
சீனர் பகுதியான சைனாடவுனிலும் பக்கத்து ஸ்ட்ரத்கோனாவிலும் வேலை செய்யும், குடியிருக்கும் தமிழர் சிலரும் அயலவர்களும்
(கையெழுத்துத் தாள்கள் இணைப்பில்)

பொருள்: சைனாடவுனின் முதியவர்கள் பயமில்லாமல் கடைக்குப் போய்வரவும், மிஞ்சியிருக்கும் சிறு கடைகள் நிலைக்கவும் நடவடிக்கை கோருதல்.

மதிப்புக்குரிய முதல்வர் அவர்களுக்கு,

சைனாடவுனைப் பற்றித் தமிழர் எதற்கு மனு எழுதுகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். முளைக்கீரைதான் காரணம். இந்த நகரத்துக்கு வந்த புதிதில் கீரையும் பயற்றங்காயும் பாவற்காயும் தேடி அலைந்தபோது, கீஃபர் வீதியிலும் கோர் வீதியிலும் இருந்த சீன மரக்கறிக்கடைகள்தான் எங்களுக்குக் கைகொடுத்தன. பெயர் சொல்லத் தெரியாவிட்டால் என்ன, விரலைக் காட்டினால் போதும். அப்புறம் எங்களில் சிலருக்கு அந்தப் பகுதிச் சமையலறைகளிலேயே வேலையும் கிடைத்தது. இதை எழுதும் நான் 14 வருடமாக அங்கே பாத்திரம் கழுவி, காய் வெட்டி, இப்போது அடுப்படிக்கு வந்திருக்கிறேன். ஆங்கிலப் பிரதியும் சீனப் பிரதியும் இத்துடன் உண்டு. எங்கள் ஆட்கள் வாசித்து விளங்கிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதற்காகத் தமிழிலும் எழுதினோம்.

எங்கள் கடைக்கு மேல்மாடியில், ஒற்றை அறையில், எண்பது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி இருக்கிறார். சீனர் அம்மம்மாவைக் கூப்பிடுவது போல நாங்களும் அவரைப் ‘போபோ’ என்போம். முன்பெல்லாம் காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம் சின்ன இழுவை வண்டிலோடு இறங்குவார். காலையில் கீரை வாங்குவார். மாலையில் கடை மூடும் நேரத்தில் விலை குறைத்த மீன் வாங்குவார். இப்போது மாலையில் இறங்குவதில்லை. ஒருநாள் யாரோ பையைப் பிடித்து இழுத்ததில் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. பொலிஸுக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன். “என்ன பாஷையில் சொல்ல?” என்றார். அவர் பேசுவது தென்சீனத்தின் தொய்சான் வட்டாரப் பேச்சு, பரவலாகப் பேசும் கன்டோனீஸ் சீனமே அவருக்கு அரைகுறைதான். சமையலறையில் காதில் விழுந்து விழுந்து எனக்குத் தொய்சான் ஓரளவு விளங்கும். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை இணைக்கும் வசதி இருப்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் எந்த மொழி வேண்டும் என்பதை முதலில் ஆங்கிலத்தில் அல்லவா சொல்ல வேண்டியிருக்கிறது! இப்படிச் சொல்லப்படாமலே போகும் சம்பவங்கள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை முழுவதையும் ஒரே கேள்வியாகச் சொல்லிவிடலாம். போபோ மாலையில் மீன் வாங்கிக்கொண்டு வீடு திரும்ப முடிகிறதா? சைனாடவுனுக்கு என்று ஒதுக்கும் ஒவ்வொரு டொலரையும் இந்தக் கேள்வியை வைத்து அளந்து பாருங்கள்.

மாநகர சபைக்கும் இந்தப் பகுதிக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. பெண்டர் வீதியில் உள்ள சாம் கீ கட்டிடத்தைச் சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்வார்கள். கீழ்த்தளத்தின் ஆழம் 1.5 மீட்டர்தான். அது ஏன் அப்படி ஒல்லியாக இருக்கிறது என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? வீதியை அகலப்படுத்த மாநகரம் காணியில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. மிஞ்சிய கீற்றில் உரிமையாளர் 1913இல் வீம்புக்கென்றே கட்டி எழுப்பியது அது. 1960களின் இறுதியில் இந்தப் பகுதியைக் கிழித்துக்கொண்டு அதிவேக நெடுஞ்சாலை போடத் திட்டம் வந்தது. சீனக் குடும்பங்களும் அயலவர்களும் எதிர்த்து நின்று அதைத் தடுத்தார்கள். அப்படியும் மேம்பாலங்களுக்காகப் பக்கத்தில் இருந்த கறுப்பின மக்களின் ஹோகன்ஸ் அலி குடியிருப்பு அழிந்துபோனது. சீனருக்கு இழைத்த பாகுபாட்டுக்காக 2018 ஏப்ரல் 22 அன்று மாநகர சபை மன்னிப்புக் கேட்டது. அது நல்ல காரியம். சீனக் குடியேறிகள் ஆளுக்கு ஆள் கட்ட வேண்டியிருந்த, 1885இல் 50 டொலராக இருந்த தலைவரி 1903இல் 500 டொலரானதையும், 1923 முதல் 1947 வரை சீனர் குடியேற்றத்துக்கே கதவு சாத்தப்பட்டிருந்ததையும் நேரில் அனுபவித்த தலைமுறை பெரும்பாலும் போய்விட்டது. அவர்கள் கட்டிய சங்கக் கட்டிடங்களும் கடைகளும்தான் எஞ்சியிருக்கின்றன. மன்னிப்புக்குப் பொருள் இருக்க வேண்டுமானால் அவை நிற்க வேண்டும்.

இன்றைய நிலைக்குப் போதைப்பொருள் ஒன்றுதான் காரணம் என்று பேசுவது சுலபம். ஆனால் கடைகள் அதற்கு முன்பே சாகத் தொடங்கிவிட்டன. சீனக் குடும்பங்கள் பக்கத்து நகரமான ரிச்மண்டுக்குப் போனார்கள், வாடிக்கையும் கூடவே போனது. 2011இல் சபை உயரமான கட்டிடங்களுக்கு வழி திறந்தது, காணி விலை ஏறியது. 2018இல் சபையே அந்தக் கொள்கையைத் திரும்பப் பெற்றது. அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. 2009க்கும் 2016க்கும் இடையில் இங்கிருந்த மரக்கறி, மீன், இறைச்சிக் கடைகளில் பாதி மூடப்பட்டதாக ஹுவா அறக்கட்டளையின் ஆய்வு சொல்கிறது. கோடை இரவுச் சந்தையும் நின்றுபோனது. பிறகு தொற்றுநோய் வந்தது. ஆசியருக்கு எதிரான வெறுப்புச் சம்பவங்களாக 2019இல் 12ஐப் பதிந்த வன்கூவர் பொலிஸ், 2020இல் 98ஐப் பதிந்தது. 2023 செப்டம்பரில் சைனாடவுன் விழாவில் 3 பேர் கத்திக்குத்துக்கு ஆளானார்கள். அன்று தெருவில் இருந்த எங்களுக்கு அதற்கப்புறம் கூட்டம் என்றாலே நெஞ்சு பதறுகிறது.

பக்கத்து ஹேஸ்டிங்ஸ் வீதியில் வீடில்லாமல் படுத்திருப்பவர்களை அங்கிருந்து அகற்றச் சொல்லி எழுதுங்கள் என்று எங்களிடம் கேட்டவர்களும் உண்டு. நாங்கள் மறுத்துவிட்டோம். போதைப்பொருள் மரணங்கள் கூடியதால் 2016 ஏப்ரலில் மாகாணம் பொதுச் சுகாதார அவசர நிலையை அறிவித்தது. 2023இல் மட்டும் நச்சுப் போதைப்பொருளால் மாகாணத்தில் 2,500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் பின்கதவில் மூச்சு நின்று கிடந்த இரண்டு பேருக்கு போதையில் நின்ற மூச்சைத் திருப்பும் நலோக்சோன் மருந்தை என் கையாலேயே போட்டிருக்கிறேன். ஒருவர் எழும்பி, என்னைத் திட்டிவிட்டுப் போனார். பரவாயில்லை, எழும்பினாரே. அவர்களை ஒரு தெருவில் இருந்து அடுத்த தெருவுக்கு விரட்டினால் எங்கள் பின்கதவுக்குத்தான் வருவார்கள். அதோடு, போபோவின் அறையும் அவர்களில் பலருடைய அறையும் ஒரே மாதிரியான பழைய ஒற்றை அறைதான். ஒரே குளியலறை வரிசை, ஒரே பழுதான மின்தூக்கி. 58 மேற்கு ஹேஸ்டிங்ஸில் 231 வீடுகளும் சுகாதார நிலையமும் ஒன்றாகக் கட்டியிருக்கிறார்கள். அது போன்ற கட்டிடம் இன்னும் நாலைந்து வேண்டும். அதற்கு மாகாணத்தையும் மத்திய அரசையும் நீங்கள்தான் விடாமல் நெருக்க வேண்டும்.

2023 ஜனவரியில் சபை ஏற்ற சைனாடவுன் செயல்திட்டத்தால் சுவர்க் கிறுக்கல் அழிப்பதும் தெரு கழுவுவதும் நடந்தன. அதை நன்றியோடு குறிப்பிடுகிறோம். ஆனால் காலையில் கழுவிய தெருவில் மாலைக்கு ஆள் வேண்டும். மாலை 4 மணி முதல் இரவு 11 மணி வரை பெண்டருக்கும் ஹேஸ்டிங்ஸுக்கும் இடைப்பட்ட சந்துகளில் சுகாதாரப் பணியாளர்கள் இருவர் இருவராகச் சுற்றிவர ஏற்பாடு செய்யுங்கள். கன்டோனீஸும் தொய்சானும் பேசக்கூடிய வழித்துணையாளர் சிலரைச் சம்பளத்துக்கு வையுங்கள். முதியவர்கள் கூப்பிட்டால் கடைவரை கூட நடந்து வர வேண்டும். முதியவர்களின் முறைப்பாட்டையும் அந்த வழித்துணையாளரே எழுதிக்கொள்ளட்டும். ஆள் பொறுப்பில் இருக்கும் பொதுக் கழிப்பறை இரவிலும் திறந்திருக்கட்டும். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வாசல் நாற்றத்தில் பாதி அதோடு தீரும்.

கடைகளைப் பொறுத்தவரை உயிரை எடுப்பது வரி. மூன்று மாடிக் கட்டிடத்தின் காணி, அங்கே எத்தனை மாடி கட்டலாம் என்பதை வைத்து மதிப்பிடப்படுகிறது. அந்த வரி வாடகை ஒப்பந்தத்தின்படி கீழே கீரை விற்பவர் தலையில் விழுகிறது. கட்டாத மாடிகளுக்கும் சேர்த்து அவர் வரி கட்டுகிறார்! இதற்கு நிவாரணம் தரும் அதிகாரத்தை மாகாணம் மாநகரங்களுக்குக் கொடுத்திருக்கிறது. சைனாடவுனின் பழைய கடைகள் அனைத்தையும் அதற்குள் கொண்டுவாருங்கள். படிவத்தைச் சீனத்தில் அச்சடித்து, கடை கடையாகப் போய் நிரப்பிக்கொடுக்க ஓர் அலுவலரை அனுப்புங்கள். நீண்ட ஆங்கிலப் படிவத்தை மீன் வெட்டும் கையோடு யார் நிரப்புவது?

இரவுச் சந்தையையும் திரும்பக் கொண்டுவாருங்கள். பெரிதாக வேண்டாம். கோடையில் வெள்ளி, சனி இரண்டு இரவு, கீஃபர் வீதியில் சில தட்டுக்கடைகளும் விளக்கும் போதும். எங்கள் பெண்கள் ரோல்ஸும் வடையும் சுட்டுத் தரத் தயார், இடம் மட்டும் ஒதுக்குங்கள்.

இவற்றைப் பற்றி மாநகர மண்டபத்தில் பேசுவதற்கு முன் ஒருதரம் நேரில் வந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். எந்தக் கிழமை என்றாலும் சரி, மாலை 4 மணிக்கு மெயின் வீதிச் சந்தியில் நிற்கிறோம். அங்கிருந்து கோர் வீதி மீன்கடை வரை எங்களோடு நடந்தால் போதும். போபோவிடமும் கேட்டுவிட்டோம். வண்டிலோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
கையெழுத்திட்டோர் சார்பில்,
சைனாடவுன் சமையல் தொழிலாளி ஒருவர்