ஏழாம் வினாவைத் தயவுசெய்து ஓட்டிப் பாருங்கள்: பரீட்சைப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பரீட்சைப் பிரிவினருக்கு,

ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். சி என்ற கணினி நிரல் மொழியின் செய்முறைத் தாளில் ஏழாம் வினா பற்றி நான் அனுப்பிய இரண்டு கடிதங்களும் உங்கள் மேசையில் இருக்கின்றன. இரண்டுக்கும் "விடைத்திட்டத்தின்படியே திருத்தப்பட்டது" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. பிழை அந்த விடைத்திட்டத்தில்தான் என்கிறேன்.

தேயிலை மண் கரைசலில் ஐதரசன் அயன் லீற்றருக்கு 0.00001 மோல் என்றால் அதன் புளிப்பைக் காட்டும் பீஎச் பெறுமானம் என்ன என்று கேட்டீர்கள். போகவந்தலாவையிலிருந்து வரும் என் மாணவி, பத்தை அடியாகக் கொண்ட மடக்கையைத் தரும் லொக்10 சார்பை எழுதினாள்; பீஎச்சுக்கு வேண்டியது அந்த மடக்கைதான். அந்தப் பத்தைச் சிவப்பு மையால் வெட்டிப் புள்ளி முழுவதையும் கழித்தீர்கள். உங்கள் திட்டத்தில் வெறும் லொக், விடை 5.00.

காகிதத்தில் லொக் என்று எழுதிவிட்டுப் அடி பத்து என்று நாம் எடுத்துக்கொள்ளலாம். சி மொழியின் கணிதச் சார்புகளுக்கான மெத்.எச் அப்படி எடுத்துக்கொள்ளாது. அங்கே லொக் என்றால் இயற்கை மடக்கை; அதன் அடி பத்து அல்ல. உங்கள் வரியை ஓட்டினால் 11.51 வரும்.

"மொதல்ல லொக்தான் சேர் போட்டேன், பதினொன்னு வந்துச்சு. தேயில மண்ணுக்கு அது எப்படி சேர்? அதான் மாத்தினேன்" என்றாள். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை வேண்டும். மண் அதைவிடப் புளித்தால், புளிப்பைக் குறைக்க டொலமைட் என்ற கல்பொடியைப் போடுவார்கள். அவளுடைய அப்பா மலையில் டொலமைட் வீசியவர். லொக்கை லொக்(10) ஆல் வகுத்தும் எழுதியிருக்கலாம். ஆனால் 1000க்கு அப்படிச் செய்தால் 3க்குப் பதில் 2.9999999999999996 வரும், முழு எண்ணாக வெட்டினால் 2 ஆகிவிடும். அவள் தேர்ந்ததுதான் சரியான சார்பு.

மீள்திருத்தக் கட்டணத்துக்கு அவளுடைய அம்மாவின் இரண்டு நாள் பேர், அதாவது நாட்சம்பளம், போனது. கொழுந்து பறித்த காசு. மலையகப் பிள்ளைகள் கணினியில் பின்தங்கிவிட்டார்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறீர்கள். இந்தப் பிள்ளை ஓட்டிப் பார்த்து, சந்தேகப்பட்டு, திருத்தி எழுதியிருக்கிறாள். அதற்கா பூச்சியம்? வினாத்தாள் அச்சுக்குப் போகுமுன் ஒருவராவது அந்த வரியைத் தட்டிப் பார்த்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை வந்திராது.

கோபத்தில் எழுதியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்: அந்த வரியைக் கணினியில் ஓட்டுங்கள், விடைத்திட்டத்தைத் திருத்துங்கள், லொக்10 எழுதிய எல்லாப் பிள்ளைகளின் தாள்களையும் கட்டணமின்றி மீண்டும் பாருங்கள். அடுத்த கட்டத்துக்கான அனுமதி முடியுமுன் பதில் தரும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஹட்டனில் சி மொழி கற்பிக்கும் ஓர் ஆசிரியர்