பெயரை முழுதாகக் கேட்டு எழுது

பாபநாசம் வட்டம்,
ஆடி 20

அன்பு மகளுக்கு,

குடமுருட்டியில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது. மேட்டூரை இந்த ஆண்டு ஜூன் 12 அன்றே திறந்துவிட்டதால் நம் குறுவை இரண்டாம் களை முடிந்து நன்றாக நிற்கிறது. அம்மாவும் நானும் நலம்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதை அன்று இரவு வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். கெய்ரோவில் அரபு மொழி படித்துத் தேர்வில் தேறி, மஸ்கட்டில் உள்ள நம் தூதரகத்துக்கு இரண்டாம் செயலாளராக வந்தவளுக்கு அரசியல் பிரிவு கிடைக்காமல், நம் நாட்டவரின் பாஸ்போர்ட், இறப்பு விவகாரங்களைப் பார்க்கும் கான்சுலர் பிரிவும் தொழிலாளர் நலனும் கிடைத்ததில் வருத்தம் இருப்பது இயல்புதான். “படித்த அரபியைப் பிணவறையிலும் காவல் நிலையத்திலும்தான் பேசுகிறேன், அப்பா” என்றாய். போனில் உனக்குச் சரியான பதிலை என்னால் சொல்ல முடியவில்லை. எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும்.

நான் உன்னைப் போல் தேர்வெழுதி அதிகாரியாக வந்தவன் அல்லன். 1984-இல் உதவியாளராகச் சேர்ந்து, அட்டாஷே என்னும் கீழ்நிலைத் தூதரக அதிகாரியாக ஓய்வு பெற்றவன். தூதர்கள் அமர்ந்து பேசிய அறைகளுக்குள் நான் கோப்பைக் கொடுத்துவிட்டு வெளியே வந்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்த ஆண்டுகளை எண்ணினால், உன் வயதில் பாதிக்கு மேல் வரும்.

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தபோது நான் அம்மானில் இருந்தேன். குவைத்திலிருந்து பாக்தாத் வழியாகப் பாலைவனத்தைக் கடந்து பேருந்து பேருந்தாக நம் மக்கள் ஜோர்டான் எல்லைக்கு வந்தார்கள். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் 488 விமானப் பயணங்களில் 1,70,000-க்கும் மேற்பட்டவர்கள் ஊர் திரும்பினார்கள். அந்த எண்ணிக்கையை இன்று எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள், சொல்லவும் வேண்டும். எனக்கு நினைவில் நிற்பது வேறு. பலரிடம் பாஸ்போர்ட் இல்லை. முதலாளியின் பெட்டியில் அது பூட்டிக் கிடந்தது. பாஸ்போர்ட் இல்லாதவர் ஊர் திரும்ப உதவும் எமர்ஜென்சி சர்டிபிகேட் எழுதுவதற்காகப் பெயர், தகப்பன் பெயர், ஊர், மாவட்டம் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டு எழுதினோம். கூத்தாநல்லூர்க்காரர் ஒருவர், பரம்பரையாகச் சபுராளிகள், அதாவது கடல் கடந்து பிழைக்கப் போகிறவர்கள், உள்ள குடும்பம், நான் தமிழில் “எந்தத் தெரு?” என்று கேட்டதும் பதில் சொல்ல முடியாமல் மேசையின் மேல் கையை ஊன்றி அழுதார். எத்தனையோ நாட்களாக அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

அங்கே அவ்வளவு கவனமாக எழுதிய நானே சில ஆண்டுகள் கழித்து ஒரு பிழை செய்தேன். இதை உன் அம்மாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

வளைகுடாவில் இன்னொரு நாட்டில் இருந்தேன். ஒரு கட்டுமான கம்பெனியிலிருந்து, சாரத்திலிருந்து விழுந்து தொழிலாளி ஒருவர் இறந்துவிட்டதாக ஃபேக்ஸ் வந்தது. ஒரு தகப்பன் பெயர், ஓர் எழுத்து, நன்னிலம் பக்கத்தில் ஒரு சிற்றூர்: அதில் இருந்தது இவ்வளவே. நம்மிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. முன்னெழுத்தாக நிற்க வேண்டிய தகப்பன் பெயர், பாஸ்போர்ட்டில் சர்நேம் என்னும் கட்டத்தில் ஏறிவிடுகிறது. அங்குள்ள அலுவலகங்கள் அதையே ஆளின் பெயராக எடுத்துக்கொள்கின்றன. தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்த எனக்கு இது தெரியாததா? கம்பெனிக்குப் போன் செய்து பாஸ்போர்ட் எண்ணைக் கேட்டிருந்தால் கால் மணி நேரத்தில் தெளிந்திருக்கும். வார விடுமுறைக்கு அலுவலகம் மூடும் வியாழக்கிழமை மாலை அது. ஃபேக்ஸில் இருந்தபடியே எழுதிக் கலெக்டர் அலுவலகத்துக்குத் தந்தி கொடுத்துவிட்டேன்.

அதே கம்பெனியில் அந்த வீட்டுப் பிள்ளைகள் இருவர் வேலை பார்த்தார்கள். இருவர் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குபவை. உயிரோடு இருந்தவர் சனிக்கிழமை காலை பக்கத்து ஊர் எஸ்.டி.டி. பூத்துக்குப் பேசும் வரை, போனது எந்தப் பிள்ளை என்று அந்தத் தாய்க்குத் தெரியவில்லை. அந்த ஒன்றரை நாளும் இரண்டு மருமகள்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இறந்தவர் இளையவர்.

அடுத்த விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அந்த வீட்டைத் தேடிப் போனேன். எழுதியது நான்தான் என்று அந்த அம்மாளிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. உள்ளே போய் அந்தத் தாளை எடுத்து வந்து, “இதுல எம் புள்ளை பேரே இல்லியே தம்பி, எழுதிக் கொடுங்க” என்றார். பின்பக்கத்தில் பெயரை முழுதாக எழுதிக் கொடுத்தேன். படிக்கத் தெரியாதவர், அதை ஒருமுறை தடவிப் பார்த்து மடித்து வைத்துக்கொண்டார்.

உன் மேசைக்கு வரும் தாள்கள் எனக்குத் தெரியும். மருத்துவமனையின் இறப்பு அறிக்கை, காவல்துறைக் கடிதம், குடும்பத்தாரின் ஒப்புதல், ரத்து செய்த பாஸ்போர்ட், தூதரகத்தின் என்.ஓ.சி. என்னும் தடையில்லாச் சான்று, உடலைப் பதப்படுத்திய சான்று, விமானச் சரக்குச் சீட்டு. ஒன்றில் ஓர் எழுத்து மாறினாலும் பெட்டி நகராது. இங்கே பந்தல் போட்டுவிட்டு ஊரே காத்திருக்கும். வியன்னாவில் 1963-இல் எழுதிய கான்சுலர் உடன்படிக்கையின் 37-ஆம் பிரிவு, நம் நாட்டவர் ஒருவர் அயல்நாட்டில் இறந்தால் அந்நாட்டார் நமக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவித்த பிறகு நேரும் தாமதம் நம்முடையது. உடலை அனுப்பக் கையில் காசில்லாதவர்களுக்கு 2009-இலிருந்து இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. என் காலத்தின் பெரும்பகுதியில் அது இல்லாமல் தொழிலாளர் முகாம்களில் துண்டேந்தி வசூல் செய்திருக்கிறோம். உன் கையெழுத்தில் அது நடக்கிறது என்பதில் எனக்கு மிகுந்த நிறைவு.

உன் பாட்டி இறந்தபோது நான் வந்து சேர்வதற்குள் பால் தெளிப்பும் முடிந்துவிட்டது. எத்தனையோ வீடுகளுக்குப் பிள்ளையைப் பெட்டியில் அனுப்பியவனால் சொந்தத் தாய்க்குக் கொள்ளி வைக்க வர முடியவில்லை. உன் சித்தப்பாதான் வைத்தார். இந்த வேலையில் அது உனக்கும் நேரலாம். அதற்காக நீ உன்னை நொந்துகொள்ளக் கூடாது என்று இப்போதே எழுதி வைக்கிறேன்.

அரசியல் பிரிவைப் பற்றி ஒன்று. ஓமானில் 2021 ஜனவரியிலிருந்து, ஒப்பந்தம் முடிந்த தொழிலாளி பழைய முதலாளியின் என்.ஓ.சி. இல்லாமல் வேறு வேலைக்கு மாறலாம் என்று சட்டம் வந்தது. அது நடைமுறையில் எங்கே நடக்கிறது, எங்கே முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு மறிக்கிறார் என்பது உன் கவுன்டருக்கு முன் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். மாதந்தோறும் தூதரகத்தில் மக்கள் குறை சொல்ல வரும் ஓபன் ஹவுஸில் நீ கேட்பதைத் தேதி போட்டுக் குறித்து வை. தில்லிக்குப் போகும் அறிக்கையில் அந்தக் குறிப்புகள் சேர வேண்டும் என்று உன் மேலதிகாரியிடம் கேள். அந்த இடத்தில் உட்காராதவர் எழுத முடியாத அறிக்கை அது. அதற்கு உன் அரபு முழுதும் தேவைப்படும்.

கடைசியாக ஒரு வேலை. நம் மேலத்தெருவிலிருந்து மஸ்கட்டுக்குப் போன ஒருவரிடமிருந்து மூன்று வாரமாகப் போன் இல்லை என்று அவருடைய அம்மா நேற்று வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பாஸ்போர்ட் நகலை வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். தனித்தாளில் எது அவர் பெயர், எது தகப்பன் பெயர் என்று தமிழிலும் அரபியிலும் எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன். என் அரபு எழுத்து பழகி நாளாயிற்று, சரிபார்த்துக்கொள். என்ன தெரிந்தாலும் முதலில் எனக்குப் பேசு. நான் நேரில் போய் அவருடைய அம்மாவிடம் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா