அசரியாவை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மிஷனெரிப் பேராயர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஆந்திரப் பக்கம் இருக்கும் நகரியில் எங்கள் வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் படித்தோம். கால்டுவெல்லுக்கு முக்கால் பக்கம். தாராளமாகக் கொடுக்கலாம், அவருக்குத் தகும். சார்ஜெண்டுக்கு ஒரு பத்தி. கடைசியில், இடம் மிச்சம் இருந்ததே என்று போட்ட மாதிரி, இந்தியாவின் முதல் இந்தியப் பேராயர் வி.எஸ். அசரியா என்று ஒரே ஒரு வரி. அந்த வரியும் தப்பு. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களுக்கு அதற்குப் பல தலைமுறை முன்பே உள்ளூர்க்காரர்கள் பேராயர்களாக இருந்திருக்கிறார்கள். ஆங்கிலிக்கன் சபையின், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்த சபையின், முதல் இந்தியப் பேராயர் என்று எழுதியிருக்க வேண்டும்.

சரி, அதைத் திருத்திவிடலாம். என் ஆதங்கம் வேறு. மிஷனெரி என்றாலே கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்காரர் என்று எழுதிப் பழகிவிட்டோம். தமிழ்நாட்டில் பிறந்து, தமிழர் கொடுத்த காணிக்கையில் தெலுங்கு நாட்டுக்கு மிஷனெரியாகப் போன ஒருவரை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. முதல் இந்தியர் என்ற பட்டத்தை மட்டும் மாட்டி ஓரமாக உட்கார வைத்துவிடுகிறோம்.

திருச்செந்தூர் பக்கம் வெள்ளாளன்விளையில் 1874 ஆகஸ்டு 17 அன்று பிறந்தவர் அசரியா. நாடார் குடும்பம். அப்பா கிராமத்துப் போதகர், மகன் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தும் பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். அப்புறம் கிறிஸ்தவ வாலிபர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளர் வேலை, தென்னிந்தியா முழுக்கச் சுற்றல். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் வெளியூருக்கு ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்திருக்கிறார். நாம் எத்தனை காலம் சீமையிலிருந்து வரும் பணத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது என்று அவருக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். மறு ஆண்டே, 1903இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் சங்கத்தின் ஏற்பாடு.

சங்கத்தின் ஊழியத்துக்கு அமைந்த இடம் ஹைதராபாத் நிஜாம் ராஜ்யத்திலிருந்த தோர்ணக்கல் என்ற தெலுங்கு ஊர். மற்றவர்களைப் போ போ என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருந்தவர், ஊருக்குத்தான் உபதேசமா என்று யாரும் கேட்பதற்கு முன்னாலேயே 1909இல் வேலையை விட்டுவிட்டு, குருப்பட்டம் பெற்று, தானே அங்கே போனார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு கற்றுக்கொண்டார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தெருவில் விளையாடும்போதே இரண்டு மொழியும் பேசிவிடும், அதில் பெருமை ஒன்றும் இல்லை. பிழைப்பும் பேரும் உள்ள ஒருவர் அந்த வயதில், மாலா, மாதிகா என்ற தாழ்த்தப்பட்ட சாதி மக்களின் தெருவில் போய் உட்கார்ந்து பேசுவதற்காக ஒரு மொழியைப் புதிதாகக் கற்பது வேறு விஷயம். அவருடைய மனைவி அன்பு மாரியம்மாளும், அந்தக் காலத்திலேயே கல்லூரி போய்ப் படித்தவர், கூடவே வந்து உழைத்தார். அவரைப் பற்றி உங்கள் கட்டுரையில் மூச்சே இல்லை.

1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகள் நிறைந்த சபையில் எழுந்து நின்று, நீங்கள் எங்களுக்காக எல்லாவற்றையும் கொடுத்தீர்கள், இனி நண்பர்களாக இருங்கள் என்ற பொருளில் அவர் பேசியதைப் பலர் ரசிக்கவில்லை. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் நடந்தது. அதற்கு முன் கிளம்பிய எதிர்ப்பு வெள்ளைக்காரர்களிடமிருந்து மட்டும் என்று நினைக்க வேண்டாம், நம்மவர்களும் சேர்ந்தே எதிர்த்தார்கள். கையில் கொடுத்த திருமண்டலமும், அதாவது பேராயரின் ஆளுகைப் பகுதியும், சின்னது. பின்னால் கிருஷ்ணா பக்கமெல்லாம் சேர்ந்து பெரிதாகி, 1930களின் நடுவில் சபை மக்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டினார்கள்.

அவர் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் பாருங்கள். கிராமம் கிராமமாக மாட்டு வண்டியில் போவார். ஞானஸ்நானம் பெற்றவர்களை அவரவர் தலையில் கை வைக்கச் சொல்லி, நான் ஞானஸ்நானம் பெற்றவன், சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பார். நேற்றுவரை ஊர்க் கிணற்றுப் பக்கம் போக முடியாதவன், இனி நீயும் ஒரு செய்தியைச் சொல்லக் கடமைப்பட்டவன் என்று கேட்கும்போது என்ன நினைத்திருப்பான்! அழுக்கு, நோய், கடன், குடி என்று நான்கையும் எதிரிகளாக வைத்துப் பேசினார்.

குறையே இல்லாதவர் என்று சொல்ல வரவில்லை. மாலா, மாதிகா வேற்றுமை சபைக்குள்ளும் தொடர்ந்தது, அவராலும் அதை ஒழிக்க முடியவில்லை. தாழ்த்தப்பட்ட மக்களின் மதமாற்றம் குறித்துக் காந்திக்கும் அவருக்கும் கடுமையான கருத்து வேறுபாடு இருந்தது. ஆனால் கிறிஸ்தவர்கள் மட்டுமே வாக்களிக்கும் தனித்தொகுதி வேண்டாம் என்று சொன்னவரும் இவர்தான். இரண்டு பக்கமும் சேர்த்துக்கொள்ளத் தயங்குகிற மனிதர், அதனால்தானோ என்னவோ ஒரு வரியோடு போகிறார்.

தோர்ணக்கல் பேராலயத்தைக் கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் பிடித்து 1939 ஜனவரி 6 அன்று பிரதிஷ்டை நடந்தது. தூண்கள் கோயில் மண்டபத்துத் தூண்களைப் போலவும் கும்மட்டங்கள் மசூதியைப் போலவும் இருக்கும். 1945 ஜனவரி 1 அன்று அங்கேயே இறந்து அங்கேயே அடக்கமானார். அவர் பாடுபட்ட சபை ஐக்கியம், பல சபைகள் ஒன்றாகச் சேர்ந்த தென்னிந்தியத் திருச்சபை, 1947 செப்டம்பரில் வந்தபோது அவர் இல்லை.

என் பாட்டியின் பாட்டு நோட்டில் தெலுங்குக் கீர்த்தனைகள் தமிழ் எழுத்தில் இருக்கும், ஓரத்தில் எண்ணெய்க் கறையோடு. எல்லை பிரித்தபோது யார் எந்த மொழி என்று தலைகளை எண்ணியவர்களுக்கு எங்களை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று புரிந்திருக்காது. அசரியாவுக்கும் அதே கதிதான். தெலுங்குக்காரர்களுக்கு அவர் திருநெல்வேலித் தமிழர், நமக்கு எங்கேயோ தெலுங்கு நாட்டில் இருந்த பேராயர்.

திருத்தம் போடும்போது 1912 என்ற ஆண்டையும் ஆங்கிலிக்கன் என்ற சொல்லையும் சேர்த்துப் போடுங்கள். முடிந்தால் ஒரு நிருபரைத் தோர்ணக்கல்லுக்கு அனுப்பி முழுக் கட்டுரையாகவே எழுதச் சொல்லுங்கள், விஜயவாடா காசிப்பேட்டை ரயில் பாதையில்தான் இருக்கிறது. அன்பு அம்மாளுக்கும் அதில் ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நகரி