மைக்கேல் டன்: உயரம் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்க நடிகர் மைக்கேல் டன் (1934–1973) பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, குள்ள உருவம்தான் அவருக்கு வாய்ப்பு வாங்கித் தந்தது என்கிறது. 3 அடி 10 அங்குலம் என்ற கணக்கு சரி. மற்றது சரியில்லை.

குள்ளத்தன்மையில் பல வகை உண்டு. பரவலாகக் காணப்படும் அகான்ட்ரோப்ளேசியா என்ற வகையில் கைகால்தான் குட்டை. உடம்பு ஏறக்குறைய இயல்பான அளவில் இருக்கும். டன்னுக்கு இருந்தது முதுகெலும்பையும் மூட்டுகளையும் தாக்கும் வகை. முதுகு வளைந்து, விலாக்கூடு குறுகி, நுரையீரல் விரிய இடமில்லை. மேடை நடிகனுக்கு மூச்சுதான் கைமுதல். அது போதாவிட்டால் நீள வசனம் பாதியில் அறுந்துவிடும். கடைசிச் சொல் மூன்றாம் வரிசையைத் தாண்டாது. அந்த நெஞ்சை வைத்துக்கொண்டுதான் நியூயார்க் இரவு விடுதிகளில் நடிகை ஃபீபி டோரினோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்.

கட்டுரை ஒரே வரியில் தாண்டிய நாடகம்தான் முக்கியம். 1963 அக்டோபர் 30 அன்று மார்ட்டின் பெக் அரங்கில் தொடங்கியது எட்வர்ட் ஆல்பியின் ‘தி பாலட் ஆஃப் தி சாட் கஃபே’. கூனன் லைமனாக டன். உச்சக்கட்டச் சண்டையில், ஜெயிக்கப்போகும் நாயகி அமீலியாவின் மேல் லைமன் பாய்ந்து விழ வேண்டும். மூட்டு கெட்ட மனிதருக்கு அந்தப் பாய்ச்சல் என்ன வலி கொடுத்திருக்கும்! நியூயார்க்கின் நாடக அரங்குகளான பிராட்வேயில் வாரத்துக்கு 8 காட்சி வழக்கம். இது 123 காட்சி ஓடியது. டோனி என்ற நாடக விருதுக்குப் பரிந்துரை கிடைத்தது அந்த வேடத்துக்குத்தான்.

திரையில் சிக்கல் வேறு. அவர் கண்மட்டம் சுமார் மூன்றரை அடி. கேமராவை வழக்கமான உயரத்திலேயே வைத்தால் லென்ஸ் கீழ்நோக்கிச் சாயும். நெற்றி பெருத்து, உடல் சுருங்கி, குழந்தை போலத் தெரிவார். கீழே இறக்கினால் பக்கத்தில் நிற்பவரின் தலை வெட்டுப்படும். உடன் நடிப்பவரை உட்கார வைக்கலாம், இவரைப் படியில் ஏற்றலாம். ‘ஷிப் ஆஃப் ஃபூல்ஸ்’ (1965) படத்தில் கிளாக்கனாக அவர் நேரே நம்மைப் பார்த்துப் பேசித்தான் கதையே தொடங்குகிறது. அந்த இடத்தில் உயரம் யாருக்கு நினைவு வரும்? ஆஸ்கர் பரிந்துரை வரை போனது அந்த வேடம். (நம் ‘அபூர்வ சகோதரர்க’ளில் நடந்தது நேர்மாறு: உயரமானவர் முழங்காலில் ஷூ மாட்டிக் குள்ளரானார்.)

‘தி வைல்டு வைல்டு வெஸ்ட்’ தொலைக்காட்சித் தொடரில் 10 அத்தியாயங்களில் வந்த வில்லன் டாக்டர் லவ்லெஸ்ஸை மட்டும் கட்டுரை விரிவாகச் சொல்கிறது. அதிலும் டோரினோடு அவர் பாடிய பாட்டுகளை விட்டுவிட்டது.

லண்டனில் ஒரு படத்தில் நடித்துக்கொண்டிருந்தபோதே, 1973 ஆகஸ்ட் 30 அன்று, 38 வயதில் இறந்தார்.

ஒரு வேண்டுகோள்: கட்டுரையோடு வெளியான படம் தலைக்கு மேலிருந்து எடுத்தது. அடுத்த முறை கிளாக்கன் படத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
நாடக ஆர்வலர்கள் சிலர்,
மதுரை