பாசிக்குடாவைக் கொஞ்சம் குறைத்துக்கொள், மச்சான்

அன்பின் நிரஞ்சனுக்கு,

பாசிக்குடாவில் அறை எடுத்தாயிற்று, நேரம் கிடைத்தால் மட்டக்களப்பு டவுனையும் எட்டிப் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். எட்டிப் பார்ப்பதா? கடலில் ஒரு நாளைக் குறைத்துவிட்டு இங்கே வந்து தங்கு.

காலையில் புளியந்தீவில் நடக்கத் தொடங்கு. பெயருக்கேற்றபடி தீவேதான், எந்தத் தெருவில் திரும்பினாலும் கடைசியில் ஆறு வந்து நிற்கும். (வாவி என்பது பலகையில் எழுத, எங்களுக்கு அது ஆறுதான்.) காந்தி பூங்காவுக்குப் பக்கத்தில் வில்லியம் ஓல்ட்டின் சிலை இருக்கிறது, 1814இல் வந்த மெதடிஸ்த மிஷனரி. அங்கிருந்து கோட்டைக்குப் போ. யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்து வளர்ந்த உனக்கு இது சின்னதாகத் தெரியும். ஆனால் போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய இந்தக் கோட்டையைத்தான் ஒல்லாந்தர் 1638இல், கண்டி அரசனின் துணையோடு, இலங்கையில் முதன்முதலாகப் பிடித்தார்கள். உங்கள் ஊருக்கு அவர்கள் வந்தது அதற்கு இருபது வருடம் கழித்து. நெடுங்காலம் கச்சேரி, அதாவது மாவட்ட அரச அலுவலகம், இதற்குள்தான் நடந்தது. காணிப் பிரச்சினைக்காக அலைந்த எங்கள் சனத்துக்குக் கோட்டை என்றால் பீரங்கி ஞாபகம் வராது, வரிசைதான் ஞாபகம் வரும்.

சாப்பாட்டுக்கு வருவோம். உங்கள் கூழை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆற்று இறாலும் ஆற்று நண்டும் கடல் சரக்கைவிட இனிப்பு, அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். காலையில் சந்தைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி அன்றைக்கு என்ன வந்திருக்கிறது என்று பார்த்துவிடு. மத்தியானம் குளிரூட்டிய இடங்களைத் தேடாதே, அங்கே மெனு அட்டை நீளம், ஆணம் (குழம்பு) வெறும் தண்ணீர். சோறும் மீன் குழம்பும் விற்கிற சின்னக் கடையில், சனம் நிற்கிற கடையாகப் பார்த்து, நேரத்தோடு உட்கார். இரண்டு மணிக்குப் போனால் மிச்சம்தான் கிடைக்கும். கடைசியில் எருமைத் தயிர். கொஞ்சம் சீனி போதும். ஆற்றுக்கு மேற்கே, படுவான்கரையில் மேய்கிற எருமைகளின் பால், சட்டியைச் சரித்தாலும் அசையாமல் நிற்கும்.

பின்னேரம் காத்தான்குடி. நடுத்தெருவில் பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கும், அரபு நாட்டுக்கு வந்துவிட்டோமோ என்று உன் பிள்ளைகள் கேட்பார்கள். துணி, வட்டிலப்பம், மஸ்கற் இனிப்பு, கொத்துரொட்டி எல்லாம் அங்கே. வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் போகாதே, ஜும்மா நேரம் கடைகள் பூட்டிக் கிடக்கும்.

இன்னொரு நாள் கிடைத்தால் படுவான்கரைக்குப் போ. மண்முனைப் பாலம் 2014இல் திறந்ததிலிருந்து கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்கு ஓட்டோவே போகும். எனக்குப் பிடித்தது மண்டூர் வழிதான். குருமண்வெளியில் பாதையில் ஏறு, ஆற்றைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் பெயர் அது. மோட்டார் சைக்கிள், நெல் மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பலகையில் நின்று ஆற்றைக் கடப்பார்கள். அக்கரையில் முருகன் கோயில். கதிர்காமத்தைப் போலவே அங்கும் பூசகரான கப்புகனார் வாயைக் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார்.

எங்கள் ஆற்றில் மீன் பாடும் என்பார்களே, அதைக் கேட்க வேண்டுமென்று கட்டாயம் கேட்பாய். கல்லடிப் பாலத்தடியில், பூரணையை ஒட்டிய இரவில், தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைக்க வேண்டும். 1950களில் லாங் என்ற இயேசு சபைக் குருவானவர் ஒலிப்பதிவே செய்திருக்கிறார். மேலே வாகனச் சத்தம் அடங்க வேண்டும், காற்றும் அடங்க வேண்டும். கேட்காவிட்டால் தோணிக்காரரோடு சண்டை பிடிக்காதே.

திகதி முடிவானதும் சொல். நண்டுக்கு முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். அம்மா இப்போதே எத்தனை பேர் என்று கேட்கிறார்.

அன்புடன்,
உன் மட்டக்களப்பு நண்பன்